மாஸ்டர் இருக்காரு

நாற்பது வருஷம் வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தியவன் நான். தையல்காரன். கோட்டு, பேண்ட், சட்டை. துணியை உடம்போடு ஒட்டிப் பார்க்கும்போது ஊசி பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேஜையில் வைத்தால் எங்காவது துணிக்குள் புகுந்துகொள்ளும், பிறகு வாடிக்கையாளரின் இடுப்பில்தான் அகப்படும். அதனால் வாயில் வைத்துக்கொள்வது. உதட்டை இறுக்கி மூடியபடி ஒரு மனிதன் பேசக்கூடியது 'ம்' ஒன்றுதான். நாற்பது வருஷம் அதை வைத்தே குடும்பத்தையும் நடத்திவிட்டேன்.

பேச்சு முழுக்க என் மனைவியின் இலாகா. கடையின் முன்பக்கம் அவள், நடுவில் ஒரு திரை, பின்பக்கம் நான். யாராவது வந்து "மாஸ்டர் இருக்காரா?" என்று கேட்டால், "இருக்காரு" என்பாள். நான் டீ குடிக்கப் போயிருந்தாலும் இருக்காரு. முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாலும் இருக்காரு. ஒருமுறை சிநேகிதன் மகன் கல்யாணத்துக்காக வெளியூரில் இருந்தேன், அப்போதும் "இருக்காரு, கொஞ்சம் வேலையா இருக்காரு" என்று சொல்லி ஆளை உட்கார வைத்திருக்கிறாள். இல்லையென்று சொன்னால் துணியை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களாம். அதில் தப்பும் சொல்ல முடியாது, எதிர்க்கடைக்காரன் நன்றாகத்தான் தைப்பான்.

பிறகு எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். திறந்ததைத் திரும்பத் தைத்தும் விட்டார்கள். தையல் சுமார்தான். மேலே நேராகத் தொடங்கி, கீழே வரும்போது அவசரமாக ஒரு இழுப்பு இழுத்திருந்தார்கள். என் கடையில் யாராவது அப்படித் தைத்திருந்தால் பிரித்துத் திரும்பத் தை என்றிருப்பேன். அதை டாக்டரிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் என் மனைவி "ரொம்ப நல்லா தச்சிருக்கீங்கன்னு சொல்றாரு" என்று நன்றி சொல்லிவிட்டாள்.

அந்த நாட்களைப் பற்றி மகள் பிற்பாடு சொன்னாள். "நீங்க உள்ள இருந்தப்ப அம்மா வேற எதுவுமே பேசலப்பா. கதவு திறக்கிறப்பல்லாம் எழுந்து போயி 'இருக்காரா'ன்னு கேட்டா. துடைப்பத்தோட வெளிய வந்த ஆயாகிட்டகூட கேட்டா." இத்தனை வருஷமாக வாடிக்கையாளர்கள் அவளைக் கேட்டுக்கேட்டு அலுத்த கேள்வி கடைசியில் அவள் வாய்க்கே வந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது, அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கடையை மூடினோம். திரை போனது. இரண்டு பக்கமும் அவளே என்றானது. டாக்டர் என்னைப் பார்த்து "தூக்கம் எப்படி?" என்பார். "நல்லா தூங்குறாரு." "சாப்பாடு?" "பாதிதான் சாப்பிடுறாரு." "மோஷன் போகுதா?" "நேத்து போனாரு. கொஞ்சம் சிரமப்பட்டாரு." நான் நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவதோடு சரி. என்னைக் கொஞ்சம் நடக்கவிடலாம், படிகூட மெதுவாக ஏறலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். அதில் 'பயம்' என்ற சொல்லை மட்டும் அவள் வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

ஒரு வருஷம் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். பார்க்கச் சகிக்காமல் மகள்தான் எங்களை ஒரு பயணத்தில் சேர்த்துவிட்டாள். அறுபது தாண்டியவர்களுக்கு மட்டுமாம். காடு, மலையடிவாரம், பறவை, பூச்சி, காலையில் நடை, மதியம் பாடம். "இயற்கையோட இருந்துட்டு வாங்கப்பா" என்றாள். நான் 'ம்' என்றேன். மாத்திரை, போர்வை, வெந்நீர்க் குடுவை, தலைவலித் தைலம், இரண்டு குடை, உறை மாட்டிய தலையணை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என் மனைவி இயற்கையைப் பார்க்கக் கிளம்பினாள்.

எங்களை நடத்திச் செல்ல வந்தவள் நாற்பது வயதுக்காரி. அதற்கு முன்பு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தவளாம். அந்த வேலையை அவள் விட்டுவிட்டதாகச் சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வந்து இறங்கியதும் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தாள். ஆளுக்கொரு அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டச் சொன்னாள். அதில் ஒரு பறவைப் படம். இனி அதுதான் எங்கள் பெயர்.

"உங்க நிஜப் பேரெல்லாம் எனக்கு மறந்துடும். பறவை மறக்காது" என்றாள்.

என்னை மரங்கொத்தி ஆக்கினாள். என் மனைவிக்குக் கொக்கு. "என்னைப் பாத்தா கொக்கு மாதிரியா இருக்கு?" என்று அவள் மூன்று பேரிடம் கேட்டாள். ரிடையர்டு பல் டாக்டர் ஒருவருக்கு மைனா. ரிடையர்டு பஸ் கண்டக்டருக்குப் பருந்து. பருந்துக்கு ஞாபக மறதி, அதற்காகவே அவர் மகன் அனுப்பி வைத்திருந்தான். தன் பெயர் என்னவென்று அடிக்கடி அட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து கயிறு வந்தது. நீளமான கயிறு, இடைவெளிவிட்டு முடிச்சுகள். நடக்கும்போது ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வர வேண்டும். பெரிய கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்த்தவர்கள், நீதிமன்றத்தில் எதிராளியை அலறவைத்தவர்கள் எல்லாம் வாய்பேசாமல் முடிச்சைப் பிடித்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் டீச்சர் நின்று பறவைகளைக் கூப்பிடுவாள். கூப்பிட்ட பறவை பதில் சொல்ல வேண்டும்.

"மைனா இருக்காங்களா?"

"இருக்கேன்."

"கொக்கு?"

"இருக்கேன்."

"மரங்கொத்தி?"

"இருக்காரு" என்றாள் கொக்கு.

முதல்நாள் டீச்சர் அதைத் திருத்தப் பார்த்தாள். "அவங்கவங்கதான் சொல்லணும் மேடம்." நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கொக்கு, "அவரு சத்தமா பேச மாட்டாரு, நான் சொன்னா அவரு சொன்ன மாதிரிதான்" என்றாள். டீச்சர் எத்தனையோ பிடிவாதக் குழந்தைகளைப் பார்த்தவள். இது தேறாத கேஸ் என்று விட்டுவிட்டாள்.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பாடம் நடந்தது. பாதிப் பறவைகள் தூங்கிவிட்டன. டீச்சர் ஜன்னல் வழியாக ஒரு மொட்டைப் பாறையைக் காட்டினாள். தங்குமிடத்திலிருந்து பார்த்தால் வழுக்கைத் தலை ஒன்று மரங்களுக்கு மேலே எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு விளிம்பில், வல்லூறு கூடு வைத்திருக்கிறதாம்.

"எல்லாரும் பறக்கிற பறவையோட வயித்தைத்தான் பாத்திருப்பீங்க" என்றாள் டீச்சர். "கீழ நின்னு பாத்தா அதுதான் தெரியும். அந்தப் பாறை மேல நின்னா வல்லூறு உங்களுக்குக் கீழ பறக்கும். பறக்கிறப்ப அதோட முதுகு எப்படி இருக்குன்னு பாக்கலாம். நாளைக்குக் காலைல ஏறப் போறோம். படி வெட்டியிருக்கு, கம்பி இருக்கு. யார் யார் வர்றீங்க?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. முதுகு என்றால் என்னவென்று ஒரு தையல்காரனைக் கேட்க வேண்டும். கோட்டின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். பட்டன், பாக்கெட், காலர் என்று கண்ணை ஏமாற்ற எவ்வளவோ இருக்கிறது. முதுகில் ஒன்றுமே கிடையாது, வெறும் துணிதான். போட்டுக்கொண்டவன் கையைத் தூக்கினால் தோளுக்கும் கைக்கும் நடுவில் இழுக்கும், முதுகில் சுருக்கம் விழும். அது விழாமல் தைக்கத்தான் நான் நாற்பது வருஷம் மாரடித்தேன். இரண்டோ மூன்றோ கோட்டில் சரியாக வந்தது. ஒரு உடம்பு இரண்டு கையையும் முழுக்க விரித்து அடித்துக்கொண்டே போகிறது, முதுகில் இழுப்பில்லை, சுருக்கமில்லை என்றால், அந்தக் கையைத் தோளில் எப்படி ஏற்றித் தைத்திருக்கிறது என்று நான் பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு எதன்மேலாவது ஆசை வந்தது அதுதான் முதல் தடவை.

என் கை காது உயரம்வரை எழுந்துவிட்டது.

"மரங்கொத்தி வர மாட்டாரு" என்றாள் என் மனைவி. "நாங்க கீழயே இருந்துக்கறோம்."

எழுந்த கையால் காதைச் சொறிந்துகொண்டேன். மைனா முழங்கால் சரியில்லை என்றார். பருந்து, மேலே சாப்பாடு உண்டா என்று கேட்டார். மற்றவர்கள் கீழே குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "அப்ப யாருமே வரலையா? சரி, ரத்து பண்ணிடலாம். நாளைக்குப் பாறை அடிவாரத்தைச் சுத்தி வருவோம், சமதரைதான்" என்றாள் டீச்சர். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர்கூட எழுந்து கைதட்டினார்.

அறைக்கு வந்ததும் நானாகப் பேச்செடுத்தேன். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

"நான் ஏறலாம்னு பாத்தேன்."

"எதுல?" என்றாள். மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாறைல."

"டாக்டர் வேணாம்னாரு."

"டாக்டர் ஏறலாம்னாரு."

"அவரு சொல்லுவாரு. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தது அவரா, நானா?"

நான் 'ம்' என்றேன். அவள் மாத்திரையை நீட்டினாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அறுபத்தெட்டு வயதில் ஒரு பறவையின் முதுகுக்காக அழுவதா என்று தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை கயிற்றோடு கிளம்பினோம். டீச்சர் முன்னால், அடுத்து கொக்கு, அவள் பின்னால் நான், என் பின்னால் மைனா, கடைசி முடிச்சில் பருந்து. நடுவில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வழி முழுக்க வயிற்றுப் பிரச்சினைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் மனைவி திரும்பிப் பார்க்காமலேயே என்னோடு பேசிக்கொண்டு போனாள். மகள் வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரைத்துணி எடுப்பது என்பது விஷயம். நான் இடம் பார்த்து 'ம்' போட்டுக்கொண்டு போனேன்.

எனக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று உடம்பிலிருக்கும் தண்ணீரையெல்லாம் விரட்டுகிற வகை. காலையில் விழுங்கினால், எங்கே இருக்கிறோம், யாரோடு இருக்கிறோம் என்றெல்லாம் அது பார்க்காது. பாறையின் அடிவாரத்துக்கு வந்தபோது அது தன் வேலையைக் காட்டியது. முடிச்சை விட்டு விலகினேன். கடைசியில் வந்த பருந்திடம் சுண்டுவிரலைக் காட்டி "இதோ வந்துடறேன்" என்றேன். அவர் தலையாட்டினார். ஒரு நிமிஷத்தில் மறந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வண்டியில் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்தே ஆயுள் போனவர், கடைசிக் காலத்திலும் அவரிடமே அந்த வேலையைக் கொடுத்தது யார் தப்பு?

புதருக்குப் பின்னால் என் வேலை கொஞ்சம் நேரம் எடுத்தது. இந்த வயதில் அது ஆரம்பிக்கவும் யோசிக்கும், முடிக்கவும் யோசிக்கும். வெளியே வந்தால் கயிறும் இல்லை, பறவைகளும் இல்லை. முன்னால் மரங்களுக்குள் திருப்பத்தில் டீச்சர் குரல் கேட்டது.

"கொக்கு?"

"இருக்கேன்."

"மரங்கொத்தி?"

"இருக்காரு."

"மைனா?"

"இருக்கேன்."

எல்லாப் பறவையும் ஆஜர். அவர்கள் நடந்து போகும் சத்தம் குறைந்து குறைந்து நின்றுவிட்டது. என்னைத் தேடி யாரும் வரப்போவதில்லை, ஏனென்றால் நான் அவர்களோடுதான் இருக்கிறேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓடிப் பிடிக்கலாம் என்று இரண்டடி வைத்தேன். அப்போதுதான் பக்கத்தில் அது கண்ணில் பட்டது. பாறையில் வெட்டிய படிகள், பக்கத்தில் இரும்புக் கம்பி.

ஆளில்லாமலேயே ஆள் இருக்கிறது என்று பெயர் வாங்கிக் கொடுத்த புண்ணியவதி என் மனைவி. அந்தப் பெயரைப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் நான் முட்டாள். கம்பியைப் பிடித்தேன்.

டாக்டர் சொன்னபடியே மெதுவாக ஏறினேன். கொஞ்சம் ஏறுவது, உட்கார்வது. நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பது. அது பழைய தையல் மெஷின் பெடல்போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பயம் இல்லை, எனக்குத்தான் இருந்தது. ஓணான் ஒன்று எனக்கு முன்னால் ஒவ்வொரு படியாக ஓடி ஓடி நின்று, இவன் வருவானா மாட்டானா என்று திரும்பிப் பார்த்தது. "வர்றேன், இரு" என்றேன். மூச்சு வாங்கியது. அது என் மூச்சு, யாரும் எனக்காக வாங்கவில்லை என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

உச்சியில் காற்று மட்டும்தான். பாறை விளிம்பிலிருந்து தள்ளி, தட்டையான இடமாகப் பார்த்து வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டேன். நின்று பார்க்கும் தைரியம் இல்லை, அதை மறைப்பானேன். எட்டிப் பார்த்தால் கீழே ஒரு விளிம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக எச்சம். அதற்கு நடுவில் பஞ்சு பிய்ந்த தலையணைபோல இரண்டு குஞ்சுகள், முகத்தில் அப்படியொரு சிடுசிடுப்பு. எங்கள் கூட்டத்தில் அப்படி முகம் நிறைய உண்டு.

தாயோ தகப்பனோ, எனக்குக் கீழே வந்தது.

சாம்பல் நீலம். நல்ல சூட்டுத் துணியின் நிறம். இறக்கையை விரித்து, காற்றின்மேல் சாய்ந்து, எனக்குக் கீழே ஒரு வட்டம் போட்டது. நான் தோளைத்தான் பார்த்தேன். கை ஏறுகிற இடத்தில் தையலே இல்லை. தோளிலிருந்து சின்னச் சின்ன இறகாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போய், எங்கே முதுகு முடிகிறது, எங்கே கை தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அடித்தது, மடக்கியது, திரும்ப விரித்தது. ஒரு சுருக்கம் இல்லை. "அடப்பாவி" என்று வாய்விட்டுச் சொன்னேன். நாற்பது வருஷம் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி அழுத்தி நான் சரிபண்ணப் பார்த்தது இதுதான். தோற்றுப்போனதில் எனக்கு இவ்வளவு ஆனந்தம் வரும் என்று நினைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, இந்தத் தடவை மாத்திரைமேல் பழிபோட முடியாது.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. இறங்கலாம் என்று எழுந்து படிக்கு வந்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது. ஏறும்போது கண்ணுக்கு எதிரே படி இருந்தது. இறங்கும்போது படியே தெரியவில்லை, நேராக மரங்களின் தலைதான் தெரிந்தது. ஒரு காலை நீட்டினேன். பின்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போன் எங்கே என்றால், மனைவியின் பையில். மாத்திரையும் அங்கேதான். தண்ணீரும் அங்கேதான். நான் மட்டும்தான் இங்கே.

வெயில் ஏறியது. நாக்கு வறண்டது. நெஞ்சுக்குள் பெடல் இப்போது வேகம் பிடித்தது. ஏதாவது ஆனால் நாளைக்கு என்னைத் தேடுவார்களா, இல்லை சாயங்காலச் சாப்பாட்டுக்கும் "இருக்காரு, கொஞ்சம் வேலையா இருக்காரு" என்று தட்டை வாங்கி வைத்துவிடுவாளா என்று யோசித்தேன். முதலில் அது சிரிப்பாக இருந்தது. போகப் போக இல்லை.

அப்போது கீழே மரங்களுக்கு வெளியே கயிறு வந்தது. பாறையைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். மேலேயிருந்து பார்க்க எல்லோரும் பொட்டுப் பொட்டாக இருந்தார்கள். என் மனைவியின் கை அசைவதைப் பார்த்தே, பேச்சு திரைத்துணியிலிருந்து சோபா உறைக்கு வந்துவிட்டது என்று கண்டுபிடித்தேன். காலியாக இருந்த என் முடிச்சுக்கு மைனா நகர்ந்து வந்திருந்தார். பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வழி முழுக்க அவள் பேசப் பேச, அவர்தான் 'ம்' போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆயுள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமிருந்து 'ம்' கேட்டுக் கேட்டு, ரிடையர் ஆனபின் அவருக்கும் அது ஒட்டிக்கொண்டதாம்.

டீச்சர் நின்றாள். நர்சரிக் குரல் பாறையில் மோதி மேலே வந்தது.

"கொக்கு?"

"இருக்கேன்."

"மரங்கொத்தி?"

"இருக்காரு."

கடைக் கல்லாவில் உட்கார்ந்து சொல்லும் அதே குரல், அதே அலட்சியம். எனக்குக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கத்தினேன்.

"இல்ல."

எல்லாப் பொட்டும் நின்றன.

"நான் அங்க இல்ல. இங்க இருக்கேன். மேல."

முகங்கள் ஒவ்வொன்றாக மேலே திரும்பின. மைனா தன் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். பருந்து, "அடடா, ஒருத்தரு இறங்கினாரே" என்றாராம். டீச்சர் "சார், அசையாதீங்க, உக்காருங்க, நான் வர்றேன்" என்று கத்தினாள். என் மனைவி மட்டும் மெதுவாகத் திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். அங்கே மைனா நின்றார். திரும்பவும் மேலே பார்த்தாள். பிறகு கயிற்றைப் போட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடினாள். முப்பது வருஷமாக அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

டீச்சர் பாவம். மற்ற பறவைகளை அப்படியே தரையில் உட்கார வைத்து, கயிற்றை யாரும் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவளால் கிளம்ப முடிந்தது. அதற்குள் என் மனைவி பாதிப் பாறை ஏறிவிட்டாள். வளைவுக்கு வளைவு அவள் தலை தெரிந்து மறைந்தது. தோளில் அந்தப் பையும் இருந்தது, வெந்நீர்க் குடுவை கம்பியில் மோதி டங் டங்கென்று சத்தம் வந்தது. நான் என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஏறலாம் என்றார், நீதான் இருக்காரு என்று சொன்னாய், தப்பு உன்னுடையது. நல்ல வாதம்தான். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டேன்.

கடைசிப் படியைக் கையூன்றி ஏறி வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகம் சிவந்து, முடி கலைந்து, ஒரு காலில் செருப்பில்லை. வாயைத் திறந்தாள், மூச்சுதான் வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடினாள். அவளுக்கு அது சரியாகப் பார்க்கத் தெரியாது, எப்போதும் தப்பான இடத்தில்தான் அழுத்துவாள். அழுத்தியபடியே என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நான் கண் திறந்தபோது கட்டிலுக்கு மேலே தெரிந்த முகம் இதுதான். அன்றைக்கு மயக்கத்தில் சரியாகப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்தேன். துடைப்பத்தோடு வந்தவளிடம்கூடக் கேட்டிருக்கிறாள். நான் அதற்குச் சிரித்திருக்கிறேன்.

தயாராக வைத்திருந்த வாதமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கீழே வளைவிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தாள். அவளுக்கு எங்களைத் தெரியவில்லை. அந்த நேரத்திலும் பழக்கம் அவளை விடவில்லை.

"கொக்கு? கொக்கு இருக்காங்களா?"

என் மனைவி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். தலையாட்டினால் டீச்சருக்கு எப்படித் தெரியும்?

"கொக்கு?" டீச்சரின் குரலில் நடுக்கம் வந்துவிட்டது.

"இருக்கா" என்று நான் கத்தினேன்.

அதைச் சொன்னதும் எனக்கு உடம்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது. சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன், உண்மைதான், இருந்தாள். பக்கத்தில், வேர்த்து விறுவிறுத்து, ஒற்றைச் செருப்போடு இருந்தாள். இன்னொரு தடவை சொல்லலாம் போலிருந்தது. இவ்வளவு ருசியான சொல்லையா இவள் தினமும் என் தலைக்கு மேலே சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் அதைத் தொல்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கீழே வல்லூறு ஒரு வட்டம் போட்டது. நான் விரலைக் காட்டினேன். அவள் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள்.

"முதுகுல தையலே இல்ல, பாரு" என்றேன்.

"ம்" என்றாள்.

"மரங்கொத்தி?" டீச்சர் நெருங்கிவிட்டாள். "சார்? மரங்கொத்தி இருக்கீங்களா?"

என் வாய் காலியாகத்தான் இருந்தது, ஊசி ஒன்றும் இல்லை. குரலும் அப்போதுதான் நன்றாகத் திறந்திருந்தது. ஆனாலும் நான் பேசவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"மரங்கொத்தி?"

அவள் என் மணிக்கட்டை விடாமல், இருக்கிற மூச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாள்.

"இருக்காரு" என்றாள்.